அயர்லாந்துக்கு எப்போது போவது?

அயர்லாந்துக்கு எப்போது போவது நல்லது என்று எந்தப் பயண முகவரைக் கேட்டாலும், மே மாதத்திலிருந்து செப்டம்பருக்குள் போய்விடுங்கள் என்பார். அவர் சொல்லும் காரணங்களில் பொய் ஏதும் இல்லை. ஜூனில் டப்ளினில் பதினேழு மணி நேரம் பகல். டிசம்பர் 21 அன்று ஏழரை மணி நேரம்தான். அன்று காலை எட்டரைக்குப் பிறகே சூரியன் எழுகிறது, மாலை நான்கு மணி தாண்டியதும் விழுந்துவிடுகிறது. மேற்குக் கடற்கரையில் காற்றும் மழையும் ஓய்வதில்லை. மோஹர் பாறைச் சரிவையும் கெரி மாவட்டத்து மலைப்பாதைகளையும் பார்ப்பதற்காகவே ஒருவர் போகிறார் என்றால், கோடையே சரி. ஆனால் அயர்லாந்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இயற்கைக் காட்சிக்காக மட்டும் போவதில்லை. அந்த நாட்டின் இசை, கதை, நாடகம், பேச்சு, பப் ஆகியவற்றின் பெயரைக் கேட்டுத்தான் போகிறார்கள். அவற்றுக்காகப் போகிறவருக்கும் அதே பதிலைச் சொல்வது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அயர்லாந்தின் பண்பாட்டு வடிவங்களில் பெரும்பகுதி குளிர்காலத்தில், குளிர்காலத்துக்காக உருவானவை. ஆஃப் சீசன் என்பது ஓட்டல்காரர்களின் கணக்கு. பண்பாட்டின் கணக்கில் அதுதான் சீசன்.

இதற்கான காரணத்தை அந்நாட்டு மக்களின் பழைய பிழைப்பு முறையில் தேட வேண்டும். ஐரிஷ் மரபுப்படி குளிர்காலம் நவம்பர் 1 அன்று, சௌவின் பண்டிகையோடு தொடங்கி ஜனவரி கடைசியில் முடிகிறது. பிப்ரவரி 1 பிறந்தால் வசந்தம். மே மாதத்தில் மாடுகளை மலைமேய்ச்சலுக்கு ஓட்டிப் போகும் இளைஞர்களும் பெண்களும் சௌவினுக்குத்தான் கீழே இறங்குவார்கள். பிற்காலத்தில் மேய்ச்சல் வழக்கம் மங்கியபோது, டொனகல், மேயோ மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்கள் கோடையில் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் அறுவடைக் கூலிகளாகப் போய், உருளைக்கிழங்கு தோண்டி முடிந்த பிறகே திரும்பின. ஆக, கோடை என்பது ஊர் கலைந்து கிடந்த காலம். குளிர்காலம் ஊர் கூடிய காலம். கையில் கொஞ்சம் காசும் மாலையில் நிறைய நேரமும் இருந்தது அப்போதுதான். கல்யாணங்களும் அப்போதே நடந்தன. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபை அன்று திருமணம் செய்துவைக்கவில்லை என்பதால், ஜனவரி 6க்கும் தவக்காலம் தொடங்குவதற்கும் இடைப்பட்ட சில வாரங்களில் மாப்பிள்ளை பார்ப்பது முதல் விருந்து வரை எல்லாம் முடிந்தாக வேண்டியிருந்தது. அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களைத் தென்மேற்கு அயர்லாந்தில் சும்மா விடவில்லை. கடலுக்குள் இருக்கும் ஸ்கெல்லிக் பாறைத் தீவில் தவக்காலம் தாமதமாகத் தொடங்கும் என்றொரு நம்பிக்கை இருந்தது. அதை வைத்து, ஊரில் கல்யாணமாகாமல் மிஞ்சியவர்களை ஜோடி சேர்த்து அந்தத் தீவுக்குப் படகேற்றுவதாகக் கேலிப் பாட்டுகள் கட்டி, அச்சடித்தும் சுற்றுக்கு விட்டார்கள். இசை, ஆட்டம், பாட்டு, கேலி என்று இன்று ஐரிஷ் குணம் எனப் பேசப்படுபவை பலவும் இந்தக் குளிர்கால நெருக்கத்தில் பழகியவை.

கதை சொல்லும் மரபைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1935இல் அமைக்கப்பட்ட ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தை நடத்திய சேமஸ் ஓ டிலர்கா, நெடுங்கதைகள் சொல்லும் காலம் அறுவடைக்குப் பின் தொடங்கி மார்ச் வாக்கில் முடிந்துவிடும் என்று பதிவு செய்திருக்கிறார். ஃபியன்னா என்னும் புராண வீரர்களின் கதைகளைப் பகலில் சொல்வது ஆகாது என்ற நம்பிக்கையும் இருந்தது. இருட்டும் அடுப்பும் கூட்டமும் இல்லாமல் கதை இல்லை. கூட்டம் குறைந்தபோது என்ன ஆனது என்பதற்கும் ஓ டிலர்காவே ஒரு சான்று தருகிறார். கெரி மாவட்டத்தின் முனையில், கில்ரீலிக் என்ற மலைச்சரிவு ஊரில், ஷான் ஓ கோனல் என்றொரு விவசாயி. பள்ளிக்கூடம் போகாதவர், ஐரிஷ் மொழி மட்டுமே தெரிந்தவர். அவருடைய முதுமையில் கேட்க ஆள் இல்லாமல் போனது. கதைகள் மறந்துவிடக் கூடாதே என்று, சந்தையிலிருந்து திரும்பும் வழியில் குதிரை வண்டிக்குப் பின்னால் நடந்தபடி, கை அசைவு குரல் ஏற்றம் எதையும் விடாமல் வண்டியின் முதுகைப் பார்த்துக் கதை சொல்வாராம். மாடு மேய்க்கும்போது கற்சுவரே கேட்பவர். ஓ டிலர்கா 1923 முதல் அவரிடம் உட்கார்ந்து எழுதியெடுத்தவை பின்னர் புத்தகமாயின. அதற்கடுத்து, 1937இல் தொடங்கி ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் 50,000 பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய பெருந்தொகுப்பும் சேர்ந்தது. அந்தக் கையெழுத்து ஏடுகள் இன்று இணையத்தில் எவரும் படிக்கும்படி கிடக்கின்றன. பயணத்துக்கு முன் ஒருவர் படிக்க வேண்டியது வழிகாட்டிப் புத்தகத்தைவிட அவற்றைத்தான் என்பேன். போகும் ஊரின் பெயரைக் கொடுத்தாலே அந்த ஊர்க் கிணறு, அந்த ஊர்ப் பேய், அந்த ஊர்ப் பண்டிகைப் பலகாரம் எல்லாம் ஒரு பிள்ளையின் கையெழுத்தில் வந்து நிற்கும்.

இசைக்கு வருவோம். பப்பில் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் செஷன் என்ற வடிவம் பழங்காலத்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. முன்பு அந்த இசை வீட்டு அடுப்படியில், ஆட்டத்துக்காக வாசிக்கப்பட்டது. 1935இல் வந்த பொது நடன அரங்குச் சட்டமும், அதைக் கையில் எடுத்துக்கொண்ட பாதிரியார்களும் போலீசாரும் வீட்டு நடனங்களை ஒடுக்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனில் கட்டட வேலைக்குப் போன ஐரிஷ்காரர்கள் பப்புகளில் கூடி வாசித்த பழக்கம் வலுப்பெற்று, தாய்நாட்டிலும் வேரூன்றியது. எனவே செஷன் புதியதுதான். ஆனால் அடுப்படியின் ஒழுங்கை அது விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து உட்காருகிறார்கள், கேட்பவர்களைப் பார்த்து அல்ல. மேடை இல்லை, அறிவிப்பு இல்லை. ஒருவர் பிடிலில் ரீல் என்ற ஆட்ட மெட்டு ஒன்றைத் தொடங்க, தெரிந்தவர்கள் மரப் புல்லாங்குழலிலும் கான்செர்டினாவிலும் இல்லன் பைப் என்ற துருத்திக் குழலிலும் சேர்ந்துகொள்வார்கள். தெரியாதவர் கருவியை மடியில் வைத்துக் காத்திருப்பார். இரண்டு மூன்று மெட்டுகளை இடைவெளியின்றிக் கோத்து முடித்ததும் பேச்சு, சிரிப்பு, ஒரு மிடறு. கோடையில் டூலின் போன்ற சுற்றுலா ஊர்களில் வாரத்தின் ஏழு நாளும் இசை வைக்கிறார்கள். ஒன்றிரண்டு பேரைக் கூலிக்கு அமர்த்தி, மைக் வைத்து, வந்தவர்களுக்குத் தெரிந்த பாட்டுகளை வாசிக்கச் செய்வதும் அப்போது நடக்கிறது. குளிர்காலத்தில் வாரக் கடைசியில் மட்டும் நடந்தாலும், வருகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள். கிறிஸ்துமஸை ஒட்டியோ, பாஸ்டனிலும் லண்டனிலும் சிட்னியிலும் வேலை பார்ப்பவர்கள் ஊர் திரும்பியிருக்கிறார்கள். ஆண்டு முழுதும் சேராத கைகள் அந்த ஒரு வாரத்தில் ஒரே மேசையில் சேர்கின்றன. டொனகலின் குவீடோரில் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையே ஒரு குளிர்கால இசைப்பள்ளி நடப்பது இதனால்தான். 1994இல் இறந்த, ஆல்டன் குழுவின் புல்லாங்குழல் கலைஞர் ஃபிராங்கி கென்னடியின் நினைவாகத் தொடங்கியது அது. டிங்கிளில் ஒரு சிறிய தேவாலயத்துக்குள், நூறு பேர்கூட இல்லாத கூட்டத்துக்கு முன், ஆண்டு இறுதிக் குளிரில் படமாக்கப்படும் ‘அதர் வாய்சஸ்’ நிகழ்ச்சியில் 2006 டிசம்பரில் ஏமி வைன்ஹவுஸ் பாடினார்.

பண்டிகைகளில்தான் குளிர்காலத்தின் பங்கு மறுக்க முடியாததாகிறது. உலகம் அறிந்த ஐரிஷ் பண்டிகை மார்ச் 17, புனித பேட்ரிக் நாள். ஆனால் ஊர்வலமும் பச்சைத் தொப்பியுமாக நாம் அறிந்த அதன் வடிவம் பெருமளவு அமெரிக்காவில் குடியேறியவர்கள் வளர்த்தது. அயர்லாந்தில் 1960 வாக்கு வரை அன்று பப்புகளைத் திறக்கவே சட்டம் அனுமதிக்கவில்லை. மக்கள் கோயிலுக்குப் போய்வந்த நாள் அது. அதற்கு மாறாக, டிசம்பர் 26 அன்று டிங்கிள் தெருக்களில் நடக்கும் ரென் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ரென் என்பது கைக்குள் அடங்கும் ஒரு சிறு பறவை. முன்பு அதை வேட்டையாடிக் கொம்பில் கட்டி வீடு வீடாகப் போய்க் காசு கேட்பார்கள்; இப்போது பறவைக்குத் தீங்கில்லை, ஊர்வலம் மட்டும் இருக்கிறது. தெருவுக்கு ஒரு அணி, அணிக்கு ஒரு நிறம். வைக்கோலால் பின்னிய உடையும் முகம் மறைக்கும் வைக்கோல் தொப்பியும் போட்டுக்கொண்டு, குழலும் முரசும் முழங்க, மரக்குதிரை உருவம் துள்ள, அந்தி வரை சுற்றுகிறார்கள். ஜனவரி 6 ‘பெண்களின் கிறிஸ்துமஸ்’. கார்க், கெரி மாவட்டங்களில் அன்று சமையலும் பாத்திரமும் ஆண்கள் பொறுப்பு, பெண்கள் கூட்டமாக வெளியே போய்விடுவார்கள். பிப்ரவரி 1 புனித பிரிஜிட் நாள். முந்தின இரவு கோரையை வெட்டாமல் கையால் பிடுங்கி வந்து சிலுவை பின்னுகிறார்கள். ஒரு கோரையை நட்டமாகப் பிடித்து, இன்னொன்றை இரண்டாக மடித்து அதன் நடுவில் மாட்டி, கால் வட்டம் திருப்பி, அடுத்ததை மடித்து முந்தியதன் மேல் மாட்டி, இப்படியே நடுவில் ஒரு சதுரம் தடித்து வரும் வரை சுற்றி, கடைசியில் நான்கு முனைகளையும் நூலால் கட்டுவது முறை. ஓராண்டு அது வாசலுக்கு மேல் இருந்து வீட்டைத் தீயிலிருந்து காக்கும் என்பது நம்பிக்கை. துணி ஒன்றை அன்றிரவு வெளியே போட்டுவைத்து, பிரிஜிட் கடந்து போகையில் தொட்ட துணி தலைவலிக்கு மருந்து என்று எடுத்துவைப்பதும் உண்டு. பெண் ஒருத்தியின் பெயரால் அயர்லாந்தில் ஏற்பட்ட முதல் அரசு விடுமுறை 2023இல் இந்த நாளுக்குத்தான் வந்தது.

குளிர்காலத்துக்கான இன்னும் பழைய சான்றான, பாய்ன் ஆற்றங்கரை நியூகிரேஞ்ச் கல்லறையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. பொ.ஆ.மு. 3200 வாக்கில் அதைக் கட்டியவர்கள் ஐரிஷ் பேசியவர்கள் இல்லை; அவர்களுக்கும் ரென் ஊர்வலத்துக்கும் நேர்க்கோடு இழுப்பது சரியாகாது. ஆனால் அந்த மண்மேட்டுக் கல்லறையின் முழுக் கட்டுமானமும் ஆண்டின் மிகக் குறுகிய பகலை நோக்கியது என்பதில் ஐயமில்லை. வாசலுக்கு மேலே கூரையில் ஒரு பெட்டி போன்ற திறப்பு. அதற்குள் நுழையும் விடியல் ஒளி, 19 மீட்டர் நீளப் பாதையைக் கடந்து உள்ளறைத் தரையைத் தொடுகிறது. பாதை உள்ளே போகப் போக ஏறுவதால், வாசல் வழி வரும் வெளிச்சம் பாதியிலேயே நின்றுவிடும், மேல் திறப்பின் வழி வருவது மட்டுமே உள்ளே சேரும். தொல்லியலாளர் மைக்கேல் ஓ கெல்லி 1967 டிசம்பர் 21 அன்று உள்ளே தனியாக நின்று இதைக் கண்டு உறுதி செய்தார். பதினேழு நிமிடம் நீடிக்கும் அதைப் பார்க்க ஆண்டுதோறும் குலுக்கல் நடக்கிறது. வாய்ப்பு கிடைப்பவர் மிகச் சிலர். மற்றவர்களுக்கு வழிகாட்டிகள் மின்விளக்கைக் கொண்டு அதைச் செய்து காட்டுகிறார்கள். ஜூலையில் அதைப் பார்ப்பவர் கட்டடத்தைப் பார்க்கிறார். டிசம்பரில் பார்ப்பவருக்கு, குலுக்கலில் பெயர் வராவிட்டாலும், ஏன் அதைக் கட்டினார்கள் என்பது வெளியில் இறங்கி நின்றாலே விளங்கும்.

நகரப் பண்பாடும் இந்த ஒழுங்குக்கு வெளியே இல்லை. யேட்ஸும் லேடி கிரெகரியும் நிறுவிய அபே தியேட்டர் 1904 டிசம்பர் 27 அன்று திறந்தது. பார்வையாளர்கள் கலவரம் செய்த, நாடகாசிரியர் ஜே. எம். சிங்கின் ‘பிளேபாய்’ நாடகம் 1907 ஜனவரி 26 அன்று மேடையேறியது. (அந்த நாடக இயக்கத்தின் தொடக்கக் கட்டத்தில் இருந்த கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் 1915இல் அடையாறு வந்து, அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’வில் பணியாற்றினார் என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்ளலாம்.) டப்ளின் தேசியக் கலைக்கூடத்தில் டர்னரின் 31 நீர்வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. 1900இல் அவற்றை வழங்கிய ஹென்றி வான் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் விதித்த நிபந்தனை, ஜனவரியில் மட்டுமே காட்ட வேண்டும், இலவசமாகக் காட்ட வேண்டும் என்பது. அந்த மாதத்து ஒளிதான் வண்ணங்களைச் சிதைக்காத அளவுக்கு மெலிந்தது. கோடையில் போகிறவர் இவற்றைக் கண்காட்சியில் பார்க்க முடியாது.

மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, குளிர். அயர்லாந்து கனடாவின் லாப்ரடார் பகுதிக்கு இணையான அட்சரேகையில் இருந்தாலும், அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டத்தால் ஜனவரியில்கூட டப்ளினின் பகல் வெப்பம் சாதாரணமாக 8 டிகிரியை ஒட்டியே இருக்கும். பனி பெய்வது அரிது. சிரமம் தருவது குளிரைவிட ஈரமும் புயற்காற்றும்தான். புயல் வந்தால் தீவுப் படகுகள் நிற்கும், ஒருநாள் திட்டம் பாழாகும். இதை மறுப்பதற்கில்லை. இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: பல இடங்கள் மூடிக்கிடக்கும். ஸ்கெல்லிக் மைக்கேல் தீவில் இறங்கக் கோடையில் மட்டுமே அனுமதி. டூலினிலிருந்து ஆரன் தீவுகளுக்குப் படகு இல்லை; கால்வே பக்கம் ரோசாவீலுக்குப் போக வேண்டும். கிராமப்புறத் தங்கும் வீடுகள் பலவும் அடைத்திருக்கும். டிசம்பர் 25 அன்று நாடே அடைத்திருக்கும்; பஸ், ரயில், பப் எதுவும் இல்லை. இத்தனையும் உண்மை. ஆனால் மூடுபவை எவை என்று பாருங்கள்: படகு, பாறைத் தீவு, தங்கும் வீடு. மேலே சொன்ன கதை, இசை, சடங்கு, நாடகம், ஓவியம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. இழப்பு இடங்களில்தான்.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். கோடையிலும் உண்மையான பண்பாடு உண்டே என்பது அது. மில்டவுன் மால்பேயில் 1973 முதல் ஜூலையில் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப்பள்ளிக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கடினம். 1951இல் மல்லிங்கரில் தொடங்கிய ஃபிளா கியோல் இசைப் பெருவிழா ஆகஸ்டில்தான். ஹர்லிங் விளையாட்டின் இறுதிப் போட்டியும் கோடையில்தான். இசையைக் கற்க விரும்புகிறவர், மட்டையும் பந்துமான அந்த ஆட்டத்துக்கு எண்பதாயிரம் பேர் ஆர்ப்பரிப்பதைப் பார்க்க விரும்புகிறவர் கோடையில் போகட்டும். ஆனால் இந்த விழாக்களின் தன்மையைக் கவனித்தால் ஒன்று தெரியும்: இவை கலைஞர்கள் பல ஊர்களிலிருந்து திரண்டு வந்து கூடும் இடங்கள். அவர்கள் எதைக் கொண்டு வருகிறார்களோ அது அவரவர் ஊரில், மற்ற மாதங்களில் பழகியது. கூடுமிடத்தைப் பார்ப்பதும் பழகுமிடத்தைப் பார்ப்பதும் வேறு. இரண்டாவதற்குக் குளிர்காலமே வழி.

மின்சாரமும் தொலைக்காட்சியும் வந்தபின் அந்தப் பழைய இரவுகள் எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. கிராம மின்மயம் 1946இல் தொடங்கியது, அரசுத் தொலைக்காட்சி 1961 கடைசி நாளில். நெடுங்கதை சொல்லும் கலை அவற்றோடு தளர்ந்துபோனது, அதை மீட்டுவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இசையின் கதை வேறு. இல்லன் பைப் வாசிப்பவர்கள் நூறு பேர்கூடத் தேறாத நிலையில் 1968இல் அவர்களுக்கென்று ஒரு சங்கம் எழுந்தது. 2017இல் அந்தக் கலை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இப்படி மீண்டவை வாழ்வது பாடம் எடுக்கும் பின்னறைகளில். 2021இல் டப்ளினின் ஸ்மித்ஃபீல்டு பகுதியில் ‘காபிள்ஸ்டோன்’ பப்பைச் சுற்றி ஓட்டல் கட்டும் திட்டம் வந்தபோது, இசை வகுப்புகள் நடக்கும் பின்னறை போய்விடும் என்பதற்காகவே கலைஞர்கள் தெருவில் இறங்கினார்கள்; மாநகராட்சி அனுமதி மறுத்தது. சுற்றுலாவின் பெயரால் எழும் கட்டடம் சுற்றுலாப் பயணி தேடி வந்ததையே இடிக்கும் என்பதை அந்த நகரம் அன்று கண்கூடாகப் பார்த்தது. குளிர்காலத்தையும் சுற்றுலா சந்தைப்படுத்திவிடாதா என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஜனவரி இறுதியில் டப்ளினின் டெம்பிள் பார் பகுதியில் நடக்கும் டிராட்ஃபெஸ்ட் இசைவிழா போன்றவை வருகையாளர்களையும் எதிர்பார்த்தே நடப்பவை. எனினும் நாற்காலி எத்தனை என்பதும் ஒரு காவல்தான்: ஒரு கிராமத்துப் பப்புக்கு ஓர் இரவு வரும் இரண்டு வெளியூர்க்காரர்கள் அங்கே விருந்தாளிகள், இருநூறு பேர் வந்தால் அவர்களே சந்தை. செஷன் மேசைக்குப் பக்கத்துக் காலி இருக்கை வாசிப்பவர்களுக்கானது, அங்கே உட்காரக் கூடாது. மெட்டு ஓடும்போது உரக்கப் பேசக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

எந்த வாரம் என்று கேட்டால் இரண்டு காலங்கள் தகுதியானவை. டிசம்பர் 26 முதல் ஜனவரி 6 வரை ஒன்று; ஊர்வலமும் ஊர் திரும்பியவர்களும் அதில் கிடைப்பார்கள், ஆனால் அறை கிடைப்பது கடினம், விலையும் ஏறியிருக்கும். ஜனவரி கடைசி வாரமும் பிப்ரவரி முதல் வாரமும் சேர்ந்தது மற்றொன்று. நான் தேர்வது இதைத்தான். 31ஆம் தேதிக்குள் டர்னர் ஓவியங்களைப் பார்த்துவிடலாம், அபேயில் நாடகம் இருக்கும், டிராட்ஃபெஸ்ட் நடக்கும், கில்டேரில் பிரிஜிட் நாளுக்குக் கோரை பின்னக் கற்றுத்தருவார்கள், அவள் பெயரால் எரியும், 1993இல் மீண்டும் ஏற்றப்பட்ட சுடரும் அங்கேதான். பகலும் அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டிருக்கும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அயர்லாந்து ஷெங்கன் நாடுகளில் ஒன்றல்ல, ஷெங்கன் விசா கையில் இருக்கிறது என்பதற்காக உள்ளே விட்டுவிடமாட்டார்கள். தனி விசாவுக்கு அக்டோபரிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. கார் எடுத்து ஓட்டுவதாக இருந்தால், நாலரை மணிக்கு முன் ஊர் சேரும்படி ஒவ்வொரு நாளின் தூரத்தையும் குறைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.